விளம்பர இடைவேளை

செய்தித்தாளின் பதினோராம் பக்கத்தில்
குளிர்கால டயர் விளம்பரத்துக்குக் கீழே
ஒரே வரி:
'ஆறாம் எண் வீடு இந்த வசந்தத்தோடு நிறைவு பெறுகிறது.'
இருபத்துமூன்று வருஷத்துக்கு
ஏழே ஏழு சொல்.

கிளைப்பேதா துறைமுகத்தில்
படகுச் சீட்டு கிழிப்பவள் நான்.
அன்றைக்கு எட்டரைப் படகில் ஏறியவர்களில்
பாதிப் பேர் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்,
மீதிப் பேரிடம் நான்.

மீன் டப்பா ஆலையின் வய்வா
கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பினாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதில் ஒன்று தன் நாயுடையது என்று
பிறகு ஒப்புக்கொண்டாள்.
மருந்துக்கடை கிந்தவுதாஸ்,
மூத்த மருமகளைக் கொன்ற மாத்திரை
அந்த அளவில் ஒரு பூனையைக்கூடக் கொல்லாது என்று
அந்தக் காலத்திலேயே நிலையத்துக்கு எழுதியவர்,
இப்போதும் எழுதினார்.
அதே கடிதம். தேதி மட்டும் புதிது.

நாற்பத்தொரு கறுப்பு ரொட்டி அனுப்பினோம்
வில்னியுஸுக்கு, நிலையத்தின் வாசலுக்கே.
தொடரில் யார் கோபித்துக்கொண்டு போனாலும்
அந்த அம்மா ரொட்டி சுட்டுத்தான் திரும்ப அழைப்பாள்.
மூன்றாம் நாள் காவலாளி பேசினார்:
ரொட்டி நன்றாக இருந்தது,
வெண்ணெய் வைக்க மறந்துவிட்டீர்கள்.

கடைசி அத்தியாயத்தை
மாலுமிகள் சங்கக் கூடத்தில் சேர்ந்து பார்த்தோம்.
வய்வா கறுப்பு உடுத்தியிருந்தாள்,
காலில் மட்டும் ஆலையின் ரப்பர் பூட்ஸ்.
திரையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு.
மேஜையில், வராதவருக்காக வைக்கும் காலித் தட்டு.
பதினாறு வருஷமாய் அது
அயர்லாந்துக்குப் போன இளையவன் எவால்தாஸுக்கு.
நடிகர் சம்பளத் தகராறில் விலகியது
எங்களுக்குத் தெரியும்,
அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அழைப்பு மணி அடித்தது.
ஏப்ரனில் கை துடைத்தாள்.
தாழ்ப்பாளைத் தொட்டாள்.
இருட்டு.
பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன.

கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை.
பிறகு வசவு,
நல்ல கெட்டியான துறைமுக வசவு.
எவால்தாஸ்தான் என்றாள் வய்வா.
எரிவாயுக் கணக்கெடுக்க வந்தவன் என்றார் கிந்தவுதாஸ்.
பண்டிகை இரவிலா?
ஏன், கணக்கெடுப்பவனுக்குப் பசிக்காதா?
இதற்கு யாரிடமும் பதில் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு.
விவாகரத்தாகிப் பன்னிரண்டு வருஷம்.
ரிம்விதாஸ் துறைமுகத்தின் வடக்குக் கோடியில்
கிரேன் ஓட்டுகிறான்.
வீட்டைப் பிரித்தோம், காரை விற்றோம்,
சண்டை போடக்கூட எதையும் மிச்சம் வைக்கவில்லை.
செவ்வாய்தோறும் ஏழே முக்காலுக்கு மட்டும்
விளம்பரம் வந்ததும் தொலைபேசி அடிக்கும்.
'மருமகன் பொய் சொல்கிறான்.'
'தெரியும்.'
'சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், பார்த்தாயா?'
'பார்த்தேன். வை, ஆரம்பிக்கிறது.'
மூன்றரை நிமிஷம்.
கல்யாணமாகி இருந்த காலத்தில்
அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல்
நாங்கள் பேசியதில்லை.

அடுத்த செவ்வாய்
அதே நேரத்தில் எவரோ ஒருவர்
சக்கரம் சுழற்றி வாஷிங் மெஷின் ஜெயித்தார்.
சத்தத்தைக் குறைத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே கிரேன் விளக்குகள்.
அதில் எது அவனுடையது என்று
இதுவரை கேட்டதில்லை.
ஏழு நாற்பத்தைந்து.
ஏழு நாற்பத்தாறு.
உருளைக்கிழங்கு வெந்துவிட்டது, அடுப்பை அணைத்தேன்.
ஏழு நாற்பத்தொன்பதுக்கு அடித்தது.

எடுத்தேன்.
அவன் பேசவில்லை, நானும்.
கப்பல் ஒன்று ஊதியது:
தொலைபேசிக்குள் முதலில்,
ஜன்னலில் சற்றுப் பின்னால்.

'விளம்பரம் முடிந்ததா?' என்றான்.

திரையைப் பார்த்தேன்.
ஜெயித்தவர் வாஷிங் மெஷினைக் கட்டிக்கொண்டு
அழுதுகொண்டிருந்தார்.

'இன்னும் இல்லை' என்றேன்.